தெற்குச் சுவர்

லயத்துக்கு ஜன்னல் கிடையாது. கட்டினவன் வைக்கவில்லை. மாட்டுப்பட்டி கட்டுகிறவன்கூடக் காற்றுக்கு ரெண்டு ஓட்டை விடுவான், மாடு செத்தால் நட்டம் என்று. லயத்துக்கு அந்த யோசனையும் இல்லை. முன்னால் ஒரு கதவு, கதவுக்கு வெளியே சாரல் அடிக்கிற இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் அடுத்த வரிசைக்காரனோடு பொதுச்சுவர். அடுப்புப் புகை மேலே போய்த் தகரத்தில் முட்டித் திரும்பவும் மனுசன் மூக்குக்கே வரும். தெரணியகலைக்கு மேலே அந்த ரப்பர்த் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கிற எல்லா லயமும் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எவனும் வைத்திருக்க மாட்டான்.

முத்திருளனுக்கு வரிசையில் கடைசிக் காம்பரா. அதனால் அவன் வீட்டுத் தெற்குச் சுவர் மட்டும் யாரோடும் ஒட்டாமல் நின்றது. அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற ஒரு பீலிக்கான், அதைத் தாண்டி ஈரப்பலா மரம், அப்புறம் ரப்பர் மலை.

அவனைச் சுண்ணாம்பு முத்திருளன் என்பார்கள். துரை பங்களாவுக்கு வெள்ளையடிக்க, ஸ்டோருக்குத் தார் பூச, ஒழுகுகிற கூரையை அடைக்க, கதவு நிலை பெயர்ந்தால் நிறுத்த அவன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வாளியையும் சுண்ணாம்பு மட்டையையும் தூக்கிக்கொண்டு தெரணியகலைக் கடைவீதிக்கு இறங்கிவிடுவான். அங்கே சோனகர் வீடுகளில் வேலை இருக்கும். பெருநாள் வந்தால் ஒரு வெள்ளை, கலியாணம் வந்தால் ஒரு வெள்ளை. ஊரான் சுவரெல்லாம் வெளுத்தவன், தன் காம்பராவை மட்டும் அப்படியே விட்டிருந்தான்.

அவன் பெண்சாதி செவனம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கிறீங்க. நம்ம வீடு கரிச்சட்டியாட்டம் கெடக்கு."

"கரிச்சட்டிக்கு வெள்ளையடிச்சா சோறு என்ன கூடவா வேகும்?"

"இந்த வாய்க்கு மொதல்ல சுண்ணாம்பு அடிக்கணும்."

அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். நல்ல கை. மரம் நோகாமல் வெட்டுவாள் என்று கங்காணியே சொல்லுவார். பெற்றது மூன்றும் கைப்பிள்ளையாகவே மண்ணுக்குள் போய்விட்டன. அதற்காக ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டதில்லை. வாய்ச்சண்டையும் சிரிப்புமாக ஓடிக்கொண்டிருந்த குடித்தனம்.

அப்புறம் இருமல் வந்தது. மழைச்சளி என்றுதான் நினைத்தார்கள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்து அவித்துக் குடித்தாள். கோடை வந்தது, சளி போகவில்லை. மறு மழைக்கு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பால் வாளியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. வாளியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்து படுத்தாள்.

மருந்து மாத்தயா வந்தார். சிங்களவர், நல்ல மனுசன்தான், ஆனால் மருந்துக்காரன் நல்லவனாக இருந்து என்ன, கையில் மருந்து வேண்டுமே. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பகலிலும் அவருக்கு முதலில் ஆள் தெரியவில்லை. முத்திருளன் தீக்குச்சி கிழித்துக் காட்டினான்.

"மே காமரேட்ட ஹுளங் நே, எளிய நே," என்றார். இந்த அறையில் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "கேனிவ எளியட்ட கன்ன ஓன."

பொம்பளையை வெளிச்சத்துக்குக் கொண்டு வரணும் என்றுதான் அவர் சொன்னது. சிங்களத்தில் வெளிச்சத்துக்கும் எளிய, வெளியே என்பதற்கும் எளிய. முத்திருளனுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு, அவன் சரியாகத்தான் வாங்கிக்கொண்டான். வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா கருப்பாயிக்குச் சிங்களம் அரைகுறை. அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாத்தயா ரோட்டுக்கு வந்ததும் முத்திருளன் தோளில் கையைப் போட்டார். இந்தத் தடவை தமிழில் சொன்னார்.

"ரொம்ப லேட் ஆச்சு முத்துருளா. மழை முடியிற வரை இருந்தா பாக்கலாம். காத்து குடு, வெளிச்சம் குடு, முட்டை குடு. வேற நான் என்ன சொல்றது."

"இருப்பாளா மாத்தயா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முத்திருளன் அந்தப் பேச்சை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். வாசலுக்கு வந்து, "ஒண்ணும் இல்லையாம் புள்ள, முட்டை தின்னச் சொன்னாரு," என்றான். அவள் எழுந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள், அவன் முகத்தையே பார்த்தாள். மாத்தயா அவன் தோளில் கை போட்டதை அவள் பார்த்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரணியகலையில் இப்றாஹிம் முதலாளி வீட்டில் வேலை. புடவைக்கடை வைத்திருக்கிறவர். மகள் நூரியாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருக்கப்போகிறவர் என்பதால் ஒரு அறையைச் சரிபண்ண வேண்டும். பழைய மரக்கம்பி ஜன்னலை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஜன்னல், சுவருக்குச் சுண்ணாம்பு, அதில் ஒரு சொட்டு நீலம்.

"நீலம் கூடிப்போகுது முத்திருளா," என்றார் முதலாளி.

"ஈரத்துல அப்பிடித்தாங்க தெரியும்."

"போன முறை தாஸிம்ட ஊட்டுக்கு அடிச்சியே. ஊடா அது? கிளிக்கூடு மாதிரி ஈக்குது."

"அவருதாங்க இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னாரு."

உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி ஸபியா உம்மாவின் குரல் வந்தது. "அவன வேலை செய்ய உடுங்களே. நீங்க பேசிப் பேசித்தான் சுவர் காயாம ஈக்குது."

"கேட்டியா? மனுசன் கடையில ராசா, ஊட்டுல ஒண்ணுமில்ல." முதலாளி வெற்றிலையை மடக்கி வாயில் போட்டுக்கொண்டார். "ஒன்ட பொஞ்சாதிக்கு எப்பிடி?"

முத்திருளன் மட்டையைச் சுவரில் இழுத்துக்கொண்டே சொன்னான். யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னான். லயத்தில் சொன்னால் அழுவார்கள், அழுதால் அவள் காதுக்குப் போகும். கடைவீதியில் சொன்னால் கடைவீதியோடு போச்சு. காற்று, வெளிச்சம், முட்டை, மழை முடியிற வரை. எல்லாம் சொன்னான்.

பிடுங்கிப் போட்ட பழைய ஜன்னல் சட்டத்தை முதலாளி காலால் தட்டிப் பார்த்தார். பலாமரம். நெட்டுக்குத்தாக மரக்கம்பிகள். ஒரு பூச்சி அரித்திருக்கவில்லை.

"இதக் கொண்டு போ. ஒன்ட காம்பராவுல வெய்யி."

"தோட்டத்துச் செவருங்க. தொட்டா கேள்வி வரும்."

"கேட்டுட்டுச் செய்யப் போனா எவனும் தர மாட்டான். செஞ்சி முடிச்சாப் புறகு எவன் ஜன்னல அடைக்க வாரது? அல்லாஹ் தந்த காத்து, அதுக்குமா தொரைட தயவு?"

ஸபியா உம்மா ஒரு சட்டி நிறைய முட்டை கொடுத்தனுப்பினாள். முத்திருளன் சட்டத்தைத் தலையில் வைத்து மலை ஏறினான். பலாமரம் கனம். அவனுக்குக் கனம் தெரியவில்லை.

வரும் வழியெல்லாம் அவன் மனசுக்குள் சுவரை அளந்துகொண்டே வந்தான். தெற்குச் சுவர்தான், வேறு சுவர் இல்லை. கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினது. முதலில் மேலே பலகை செருகி எடையைத் தாங்கவிட வேண்டும், அப்புறம் கீழே கல்லைப் பிடுங்க வேண்டும். இடுப்புயரத்துக்குச் சுவரை விட்டுவிட்டால் அவள் பாயில் உட்கார்ந்தபடி ஈரப்பலா மரத்தைப் பார்க்கலாம். காய் தொங்குகிறதைப் பார்க்கலாம். பங்களாவில் துரைசானி அப்படித்தான் உட்கார்ந்து மலையைப் பார்க்கும். நாலு சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டால் வருகிற வெளிச்சம் ரெட்டிப்பாகும். அவளிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது. வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். கரிச்சட்டி என்றாளே, பார்க்கட்டும். லயத்துக்கு வந்ததும் சட்டத்தை அவள் கண்ணில் படாமல் ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

இந்த இடத்தில்தான் அந்த மடையன் சறுக்கினான். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் அடித்தது. கருப்பாயி துணி துவைக்க ஆற்றுக்குக் கிளம்பினாள். முத்திருளன் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பாறையில வெயில் காயட்டும். நான் உள்ள சுண்ணாம்பு அடிக்கிறேன். நெடி இவளுக்கு ஆவாது."

செவனம்மா நம்பவில்லை. "என்னங்க, மேக்கால பொழுது விடிஞ்சிருச்சா? நம்ம வீட்டுக்கா சுண்ணாம்பு?"

"போ புள்ள. வந்து பேசு."

அவள் சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. கருப்பாயி தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினான்.

முதலில் உள்ளே மூன்று சுவருக்கும் சுண்ணாம்பு. புகைக்கரி மேல் முதல் பூச்சு ஒட்டவே இல்லை, ரெண்டாவது பூச்சில்தான் பிடித்தது. அப்புறம் தெற்குச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டான். மேலே பலகையைச் செருகினான். கல்லைப் பிடுங்க ஆரம்பித்ததும் வெளிச்சம் முதலில் ஒரு விரல் அளவு வந்தது, பிறகு ஒரு கை அளவு. தரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தத் தரை இப்படியா இருக்கும். மூலையில் அவள் எப்போதோ போட்ட கோலத்தின் அரிசிமாவு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

சட்டத்தின் அளவுக்கு வாய் திறந்தாயிற்று. அடியில் ஒரே ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றது. அதை அசைத்தான்.

பீலிக்கான் தண்ணீர் எத்தனை மழைக்காலம் அந்தச் சுவரின் அடியைத் தின்றிருந்ததோ. வெளியே பார்த்தால் தெரியாது. கல் அசைந்ததும் கீழே களிமண் கூழாக நழுவியது. அவன் காலை எடுத்துக்கொள்ளத்தான் நேரமிருந்தது. ஜன்னல் வாய்க்குக் கீழே இருந்த சுவர் அப்படியே உட்கார்ந்து, கான் பக்கம் சரிந்து போனது. மேலே பலகை நின்றது. அவன் வேலை பழுதில்லை. ஆனால் பலகைக்குக் கீழே தரை வரைக்கும் ஒரே திறப்பு. ஒரு ஆள் அகலம்.

முத்திருளன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். அவனுக்கு அது சரிந்த சுவர், வேறு ஒன்றும் இல்லை. மண் குழைத்தால் பொழுது சாய்வதற்குள் இடுப்புயரம் எழுப்பிவிடலாம். கல்லை எல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் குவித்தான். ஜன்னல் சட்டத்தை எடுத்துத் திறப்புக்கு எதிரே தரையில் படுக்கப் போட்டான், கம்பிகளைத் துடைக்கலாம் என்று. மண் குழைக்கத் தண்ணீர் தூக்கப் போனான்.

அப்போது மழை பிடித்தது.

அந்த ஊர் மழைக்கு வெயிலும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. கருப்பாயி பாதித் துணியை நனைந்தபடி விட்டுவிட்டுச் செவனம்மாவைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். முத்திருளன் தண்ணீர் வாளியோடு வருவதற்குள் ரெண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

செவனம்மாவின் கண் முதலில் சுண்ணாம்பைத்தான் பார்த்தது. அவள் வாய் திறந்தது, ஏதோ கேலி சொல்லத்தான். அப்புறம் தெற்குச் சுவரைப் பார்த்தாள். தரையில் கிடந்த சட்டத்தைப் பார்த்தாள். கருப்பாயி, "அட பாவி," என்று மெதுவாகச் சொன்னாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவிட்டத்தில் தொடங்கி ஐந்து நட்சத்திரம் அடைப்பு என்பார்கள். அந்த நாளில் செத்தால் வீட்டு ஆட்களை ஒவ்வொருத்தராக இழுக்குமாம். அதனால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்து, பின்னாலேயே அடைத்துவிடுவார்கள், திரும்பி வர வழி தெரியாதபடிக்கு. கடல் தாண்டி வந்தும் விடாத பழக்கம். மேல் லயத்துப் பவளாயி அப்படித்தான் போனாள். செவனம்மா அன்று கூட்டத்தோடு நின்று பார்த்தவள்.

"அது என்னங்க?" என்றாள்.

"ஜன்னலு புள்ள."

"தரையிலயா ஜன்னலு வெப்பாங்க?"

"சரிஞ்சு போச்சு. அடியில மண்ணு நனஞ்சு கெடந்திருக்கு. இப்பக் கட்டிருவேன். நீ உக்காரு."

"பவளாயிக்கும் நீங்கதானே ஒடைச்சீங்க."

அந்தப் பேரைக் கேட்ட பிறகுதான் முத்திருளனுக்கு உறைத்தது. ஆமாம், அவன்தான் உடைத்தான். கங்காணி கூப்பிட்டார், கடப்பாரையோடு போனான், உடைத்தான், அடைத்தான். அவனுக்கு அது ஒரு வேலை. சுவர் வேலைக்காரனுக்கு எல்லா ஓட்டையும் ஒன்றுதான். பார்த்து நின்றவளுக்கு அப்படி இல்லை.

"ஐயோ, இது அது இல்ல புள்ள. மாத்தயா சொன்னாரு, வெளிச்சம் வேணும்னு. கருப்பாயி அக்காவும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னுச்சு. கேளு."

கருப்பாயி கெட்டவள் இல்லை. அவளுக்குப் பொய் வராது, அதுதான் சனியன். அழுதுகொண்டே சொன்னாள். "எனக்கு அப்பிடி வெளங்கலியே தம்பி. 'எளியட்ட கன்ன ஓன'ன்னாரு. வெளிய எடுக்கணும்னு. நான்தான் இத்தினி நாளா வாயத் தொறக்கல."

"எளியன்னா வெளிச்சம்கா!"

"எளியன்னா வெளியதானே. கடையில அப்பிடித்தான் சொல்றானுக."

செவனம்மா சட்டத்தைக் காட்டினாள். "இது?"

"இப்றாஹிம் மொதலாளி குடுத்த ஜன்னல் சட்டம்."

"நீளமாக் கம்பு, ரெண்டு பக்கமும் சட்டம். பச்சை ஓலை போட்டா பாடை." அவள் குரல் ஏறவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "மாத்தயா ரோட்டுல உங்க தோள்ல கையப் போட்டுப் பேசினாரே. என்ன சொன்னாரு?"

முத்திருளன் பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. கங்காணியிடம் சொல்வான், கணக்கப்பிள்ளையிடம் சொல்வான். அந்த நேரம் பார்த்து ஒன்றும் வரவில்லை. 'மழை முடியிற வரை' என்பதுதான் முதலில் வாய்க்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறு வார்த்தை எடுக்க ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.

"காத்து வேணும்னாரு. முட்டை..."

"அதச் சொல்ல இவ்வளவு நேரமா," என்றாள் செவனம்மா.

அப்புறம் அவன் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். செத்த பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறானே என்று கருப்பாயி இன்னும் அழுதாள். அவன் மழையிலேயே மண் குழைத்தான். இடுப்புயரம் எழுப்பி ஜன்னல் வைக்கத்தான் முதலில் நினைத்தான். திரும்பிப் பார்த்தான். அவள் இஸ்தோப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மேலே மேலே கல் வைத்தான், பலகை வரைக்கும் வைத்தான், மொத்தமாக அடைத்துவிட்டான். காம்பரா பழையபடி இருண்டது. பழையதற்கும் மேலே. புதுச்சுண்ணாம்பின் ஈரமும் பச்சை மண்ணின் ஈரமும் சேர்ந்து உள்ளே மூச்சு முட்டியது.

"அடைச்சிட்டேன் புள்ள. உள்ள வா."

"அடைச்சா? எடுத்துட்டுத்தான அடைப்பாங்க."

"செவனம்மா..."

"தொறந்தது சும்மா மூடாது. யாரையாச்சும் கேளுங்க."

அவள் உள்ளே போகவில்லை. சாரல் அடிக்கிற இஸ்தோப்பிலேயே பாயை விரித்தாள். அவன் சாக்குத் தைத்துத் திரை கட்டினான். முட்டை அவித்துக் கொடுத்தான், ரொட்டி சுட்டுக் கொடுத்தான், கருவாடு பொரித்துக் கொடுத்தான். கருப்பாயி கொடுத்த கஞ்சியை மட்டும் குடித்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. சாகிறவளுக்குக் கேட்டதெல்லாம் கொடுப்பார்கள் என்று அவள் எண்ணமாம். முட்டைகூட அப்படித்தான் வந்தது என்று கருப்பாயியிடம் சொன்னாளாம்.

ஆள்மேல் ஆளாகச் சேதி போய், அவள் அண்ணன் கன்னையா வந்தான். குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறவன். தங்கச்சியைப் பார்த்தான், அடைத்த சுவரைப் போய்த் தடவிப் பார்த்தான். மண் இன்னும் காயவில்லை.

"என்ன மச்சான் இது?"

"ஜன்னலு வெக்கப் பாத்தேன்."

"லயத்துல எவன் மச்சான் ஜன்னலு வெச்சிருக்கான்? நாம என்ன தொரையா?"

"அவளுக்குக் காத்து வேணும்னு..."

"அவளுக்கு இப்ப ஒங்க மொகத்தப் பாக்கவே பயமாயிருக்காம். நான் ஒங்களத் தப்பாச் சொல்லல. ரெண்டு மாசம் என்கூட இருக்கட்டும். தேறினா கொண்டாந்து விடறேன்."

தேறினா. முத்திருளன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். மாத்தயா சொன்னதை மச்சானிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

புறப்படும்போது செவனம்மா யாரையும் தாங்க விடவில்லை. வாசற்படியில் நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். அவனுக்கு நேராகப் பார்த்தாள். கலியாணம் ஆன நாளிலிருந்து நீங்க என்றே பேசினவள்.

"நடந்து போறேன். நல்லாப் பாத்துக்க. வாசல் வழியா, என் கால்ல நடந்து போறேன்."

லயமே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் நடந்தாள். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று நடந்தாள். முத்திருளன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். ரோட்டில் பஸ் வந்ததும் அவள் கை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள். அவன் கை படாமல் வாங்கினாள். பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் தலை நேராகவே இருந்தது.

மழை அந்த வருசம் நீண்டது. முத்திருளன் பங்களாவில் வேலை செய்தான், கடைவீதிக்கு இறங்கவில்லை. இப்றாஹிம் முதலாளி ஆள் விட்டுக் கேட்டார், ஜன்னல் வைத்தாயிற்றா என்று. ஆயிற்று என்று சொல்லிவிட்டான். சட்டத்தை ஈரப்பலா மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தான். ஒருநாள் பார்த்தால் காணோம். அடுப்புக்கு எவனாவது எடுத்திருப்பான். நல்ல பலாமரம், நன்றாக எரிந்திருக்கும்.

மழை விட்டு வெயில் வந்த வாரம், பங்களா இஸ்தோப்புக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவனைக் கங்காணி வந்து கூப்பிட்டார். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவன் மட்டையை வாளியில் போட்டான். கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே அவிசாவளைக்கு பஸ், அங்கிருந்து சின்ன ரயில். அதுவும் கல்லு மலையைக் கண்டால் மூச்சு வாங்குகிற ரயில். போய்ச் சேருவதற்குள் மண்ணைப் போட்டுவிட்டார்கள்.

"வெச்சிருக்க முடியல மச்சான்," என்றான் கன்னையா. "நச்சத்திரம் பாத்தோம். நல்ல நாள்தான். வாசல் வழியாத்தான் கொண்டு போனோம்."

முத்திருளன் தலையை ஆட்டினான்.

கன்னையா பெண்சாதி ஜெயம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தாள். மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர், ஒரு கீற்று எலுமிச்சைத் தேசிக்காய்.

"கையக் கழுவுங்கண்ணே. நல்லாத் தேச்சுக் கழுவுங்க."

அவன் சுண்ணாம்பு காய்ந்த கையைத் திருப்பிப் பார்த்தான்.

"செவனம்மாதான் சொல்லிச்சு. அவரு வந்தா சோறு போடாம அனுப்பாத, ஆனா சுண்ணாம்புக் கையோட திங்க விட்ராத, தேசிக்காய் குடுத்துக் கழுவச் சொல்லு, இல்லாட்டி ராத்திரி வகுறு வலிக்கும் அவருக்குன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"சுவரப் பத்தி?"

ஜெயம்மா புருசன் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலண்ணே. படுக்க முடியாதில்ல, மூச்சு முட்டும். உள்ள இருட்டா இருக்குன்னு கதவோரச் செவுத்துல சாஞ்சுதான் உக்காந்திருக்கும். வெயில் வந்த அன்னிக்கி, கால வெளிய நீட்டிக்கிட்டு ரொம்ப நேரம் இருந்துச்சு. சூடா இருக்கு ஜெயா, நல்லாருக்குன்னுச்சு."

அவன் கை கழுவினான். தேசிக்காயை விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். சாப்பிட்டான். முழுதும் சாப்பிட்டான்.

மறுநாள் கன்னையா தயங்கித் தயங்கி வந்தான். "மச்சான், சொல்லக் கூடாது. இந்த நோய்ல போன காம்பரா, வெள்ளையடிச்சுத்தான் ஆவணும்னு மருந்தய்யா ஆள் விட்டுட்டாரு. இந்தத் தோட்டத்து ஆளு உள்ள வரவே பயப்படறான். வேற யாரக் கூப்பிட..."

"வாளி இருக்கா?"

"இருக்கு."

"சுண்ணாம்பு?"

"ஸ்டோர்ல வாங்கி நீத்து வெச்சிருக்கேன்."

கன்னையாவிடம் மட்டை இல்லை. முத்திருளன் தாழம் விழுதை நசுக்கி மட்டை செய்தான். பாத்திரங்களையெல்லாம் ஜெயம்மா வெளியே எடுத்து வைத்தாள். அவன் பின்சுவரிலிருந்து ஆரம்பித்தான். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு, எந்த வீட்டுக்கும் அடிக்கிற மாதிரிதான் அடித்தான். சுற்றி வந்து கதவோரச் சுவருக்கு வந்ததும் நின்றான்.

உட்கார்ந்தால் ஒரு ஆளின் தலை சாய்கிற உயரத்தில் வட்டமாக ஒரு கறை. தலையெண்ணெய். சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்த கறை. மேலே மட்டையை இழுத்தான். சுண்ணாம்பு சுற்றிப் பிடித்தது, அந்த வட்டத்தில் மட்டும் நீர்முத்தாகத் திரண்டு வழிந்தது. இன்னொரு தரம் இழுத்தான். வழிந்தது.

எண்ணெய் குடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. பத்துப் பூச்சு பூசினாலும் காய்ந்த பிறகு மஞ்சளாக மேலே வந்துவிடும். அதற்கு வழி ஒன்றுதான். கொத்துக்கரண்டியால் சுரண்டி, மேல்மண்ணை எடுத்துவிட்டு, புதுமண் அப்பி, அப்புறம் அடிக்க வேண்டும். சின்ன வேலை. கடைவீதியில் எத்தனை வீட்டில் செய்திருக்கிறான். மடியிலிருந்த கரண்டியை எடுத்தான். அந்த வட்டத்தின் விளிம்பில் வைத்தான். வைத்தபடியே நின்றான். வெளியே யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தம் கேட்டது. கரண்டியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டான்.

ஜெயம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த எடத்துல மட்டும் புடிக்கலியே அண்ணே."

"ஈரமா இருக்கில்ல," என்றான் முத்திருளன். "காஞ்சா சரியாப் போயிரும்மா."

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.